சிங்கத்தைக் கொன்றது வைரஸா, உண்ணியா? காட்டு விலங்குகளின் நோயை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

2018 செப்டம்பர். குஜராத்தின் கிர் கிழக்கு வனக்கோட்டத்தில் உள்ள தல்கானியா சரகத்தில் சிங்கங்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் செத்து விழுந்தன. முதலில் கணக்கில் வந்தது 11. சிங்கங்களுக்குள் சண்டை, சிலவற்றுக்கு நுரையீரல் தொற்று என்றுதான் அப்போது வனத்துறை சொன்னது. மூன்றே வாரத்தில் எண்ணிக்கை 23 ஆனது. புனேயில் உள்ள தேசிய வைராலஜி நிறுவனத்துக்கு மாதிரிகள் போன பிறகுதான் உண்மையான பேர் வெளியே வந்தது: கேனைன் டிஸ்டெம்பர் வைரஸ்.

நாய் வளர்ப்பவர்களுக்கு இந்தப் பேர் புதுசு இல்லை. நாய்க்குட்டிக்கு முதலில் போடும் தடுப்பூசியே இதற்குத்தான். மனிதர்களுக்கு வரும் தட்டம்மை வைரஸின் நெருங்கிய பங்காளி இது. நாய், நரி, ஓநாய், சிறுத்தை, புலி, சிங்கம் என ஒருவரையும் விடாது. கிர் சம்பவத்தை ஆராய்ந்த விஞ்ஞானிகள் 68 சிங்கங்களிலும் 6 சிறுத்தைகளிலும் இந்த வைரஸைக் கண்டுபிடித்தார்கள்.

இந்த இடத்தில் ஒரு கேள்வி வரும். வைரஸ் 68 சிங்கங்களில் இருந்தது, அந்த மூன்று வாரத்தில் செத்தது 23. இறந்த சிலவற்றின் உடலில் பபீசியா என்ற ஒட்டுண்ணியும் இருந்தது. உண்ணி கடிப்பதால் ரத்தத்தில் ஏறும் நுண்ணுயிர் இது. அப்படியென்றால் யார் கொலையாளி?

கிர் காட்டுக்கு முன்னாடியே இதே கேள்வியைக் கேட்டு, பதில் தேட பல ஆண்டுகள் செலவழித்த இடம் ஒன்று உண்டு. ஆப்பிரிக்காவின் தான்சானியாவில் இருக்கும் செரங்கெட்டி.

கண்டுபிடிப்பதில் என்ன கஷ்டம்?

2021 மே கடைசியில் நம்ம வண்டலூர் பூங்காவில் நடந்தது ஞாபகம் இருக்கும். சில சிங்கங்கள் சாப்பிடவில்லை, இருமின. உடனே மாதிரி எடுத்து போபாலில் உள்ள ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். கொரோனா என்று தெரிந்தது. ஜூன் 3-ம் தேதி நீலா என்ற பெண் சிங்கம் இறந்தது.

பூங்காவில் சிங்கம் ஒருவேளை சாப்பிடாவிட்டாலும் பராமரிப்பாளருக்குத் தெரிந்துவிடும். காட்டில் யார் பார்ப்பது? நோய் வந்த விலங்கு புதருக்குள் போய்ப் படுத்துவிடும். செத்தால் கழுகும் கழுதைப்புலியும் மிச்சம் வைக்காது. உடல் கிடைத்தாலும் வெயிலில் ஒரே நாளில் அழுகிவிடும், அதில் வைரஸைத் தேடுவது சிரமம்.

எச்சத்தை எடுத்துப் பார்க்கலாம். அடர்த்தியான உப்புக் கரைசலில் கலக்கினால் குடற்புழுக்களின் முட்டைகள் மேலே மிதந்து வரும், மைக்ரோஸ்கோப்பில் எண்ணலாம். ஆனா இதிலும் ஒரு சிக்கல். சிறுத்தை நேற்று தின்றது மான் என்றால், மானின் குடலில் இருந்த புழு முட்டையும் சிறுத்தையின் எச்சத்தில் வந்து சேரும். 'சிறுத்தைக்கு இந்தப் புழு இருக்கு' என்று எழுதிவிட்டால் அது தப்பு.

அதனால் நம்பகமான வழி ரத்தம்தான். மயக்க ஊசி போட்டு, விலங்கு எழுவதற்குள் ரத்தம் எடுத்துவிட வேண்டும். ஒரு வைரஸ் வந்துபோனால் அதை எதிர்க்க உடம்பு உருவாக்கிய ஆன்டிபாடி ரத்தத்தில் இருக்கும். விலங்கு பிழைத்திருந்தாலும் அது காட்டிக்கொடுக்கும். நோய் வந்ததையே யாரும் பார்க்காத விலங்கிலும்கூட.

ஃப்ரீசரில் இருந்த பதில்

1994-ல் செரங்கெட்டி சிங்கங்களுக்கு முகம் துடித்தது, வலிப்பு வந்தது. மொத்த சிங்கங்களில் சுமார் மூன்றில் ஒரு பங்கு அந்த ஆண்டு அழிந்தது. காரணம் டிஸ்டெம்பர் என்று கண்டுபிடித்தார்கள். சுற்றியிருந்த கிராமங்களின் நாய்களிடமிருந்து வந்திருக்கலாம் என்ற முடிவுக்கும் வந்தார்கள். கதை அத்தோடு முடிந்தது என்றுதான் பலரும் நினைத்தார்கள்.

முடியவில்லை. 2001-ல் பக்கத்தில் உள்ள கொரங்கோரோ பள்ளத்தாக்கிலும் சிங்கங்கள் இதேபோல இறந்தன. அங்கே பல ஆண்டுகளாகச் சிங்கங்களிடம் எடுத்த ரத்த மாதிரிகளை விஞ்ஞானிகள் பத்திரமாக வைத்திருந்தார்கள். லிண்டா மன்சன், கிரெய்க் பேக்கர் உள்ளிட்ட குழு அவற்றைச் சோதித்து, 2008-ல் முடிவை வெளியிட்டது.

அதில் வந்த தகவல்தான் ஆச்சரியம். 1976 முதல் 2006 வரை குறைந்தது ஐந்து முறை டிஸ்டெம்பர் அதே சிங்கங்களிடையே சத்தமில்லாமல் பரவிப் போயிருக்கிறது. அந்த ஐந்து முறையும் நோய் அறிகுறியும் இல்லை, குறிப்பிடும்படியான சாவும் இல்லை! ரத்தத்தில் மட்டும் தடயம் இருந்தது.

அப்புறம் 1994-லும் 2001-லும் மட்டும் ஏன் இவ்வளவு சாவு? 22 ஆண்டு மாதிரிகளில் பபீசியாவின் அளவையும் அளந்து பார்த்தார்கள். அந்த இரண்டு சமயத்திலும் அது எகிறியிருந்தது. எந்தக் கூட்டத்தில் பபீசியா அதிகமோ, அந்தக் கூட்டத்தில் சாவும் அதிகம். சாதாரண நாளில் சிங்கம் பபீசியாவைத் தாங்கிக்கொள்ளும். டிஸ்டெம்பர் வந்து நோய் எதிர்ப்புச் சக்தியைக் குலைத்த பிறகு தாங்க முடியவில்லை.

சரி, பபீசியா திடீரென எப்படிக் கூடியது? இரண்டு முறையும் அதற்கு முன் கடும் வறட்சி. புல் இல்லாமல் மெலிந்த ஆப்பிரிக்க எருமைகளின் உடம்பெல்லாம் உண்ணி. ஓடக்கூடத் தெம்பில்லாத எருமைகள் சிங்கங்களுக்குச் சுலபமான இரை. அந்த விருந்தோடு உண்ணியும் வந்து ஏறிக்கொண்டது.

கொலையாளி ஒருவர் இல்லை. மழை பொய்த்ததும் உண்ணியும் வைரஸும் ஒரே நேரத்தில் சேர்ந்ததுதான் அந்தச் சாவுகளுக்குக் காரணம். ஒரே ஒரு செத்த சிங்கத்தை மட்டும் வெட்டிப் பார்த்திருந்தால் இது தெரிந்திருக்காது.

நாய்க்கு ஊசி போட்டால் போதுமா?

செரங்கெட்டியைச் சுற்றி நாய்களுக்குத் தடுப்பூசி போட்டார்கள். நாய்களிடம் நோய் குறைந்தது, நாயிலிருந்து சிங்கத்துக்குத் தாவுவதும் குறைந்தது. ஆனாலும் சிங்கங்களிடம் வைரஸ் வருவது நிற்கவில்லை என்று 2015-ல் வந்த ஆய்வு சொன்னது. மற்ற காட்டு ஊனுண்ணிகளும் அதைச் சுமந்து திரிகின்றன என்பது அவர்கள் கருத்து.

சிங்கத்துக்கே போடலாமே? கிர் சிங்கங்களுக்காக 2018-ல் அமெரிக்காவிலிருந்து 300 டோஸ் வரவழைத்தார்கள். ஆபத்து கண் முன்னால் இருக்கும்போது வேறு வழி இல்லை என்ற நிலை புரிகிறது. ஆனா கண்ணை மூடிக்கொண்டு செய்யும் காரியமும் இல்லை. அமெரிக்காவில் 1970-களில் கருங்கால் ஃபெரட் என்ற அரிய விலங்குக்கு, வலுக்குறைத்த உயிருள்ள வைரஸ் தடுப்பூசியைப் போட்டார்கள். பிடித்த ஆறில் நான்கு அந்த ஊசியாலேயே டிஸ்டெம்பர் வந்து செத்தன. இன்னொரு விஷயம்: ஊசி போட்ட சிங்கத்தின் ரத்தத்திலும் ஆன்டிபாடி இருக்கும். அது வைரஸால் வந்ததா, ஊசியால் வந்ததா என்று பிறகு பிரித்துச் சொல்வது கஷ்டம்.

கிர் சிங்கங்களுக்கு ஏன் இவ்வளவு பதற்றம்?

ஆசியச் சிங்கம் உலகிலேயே காட்டில் வாழ்வது குஜராத்தில் மட்டும்தான். 2025 கணக்கெடுப்பில் 891. 2020-ல் 674 ஆக இருந்தது, அதனால் இது நல்ல செய்திதான். ஆனா எல்லாம் ஒரே வட்டாரம். காட்டைத் தாண்டி கிராமம், வயல், கடற்கரை வரை வந்துவிட்டன. அங்கே நாயும் உண்டு, உண்ணி சுமக்கும் மாடும் உண்டு.

ஒரு பகுதிச் சிங்கங்களை மத்தியப் பிரதேசத்தின் குனோவுக்கு மாற்றுங்கள் என்று 2013-ல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. சிங்கம் போகவில்லை. 2022-ல் அங்கே சிவிங்கிப்புலிகள் வந்து இறங்கின. இரண்டாவது வீடாக குஜராத் அரசு காட்டுவது போர்பந்தர் பக்கம் உள்ள பர்தா சரணாலயம். 2025 கணக்கில் அங்கே 17 சிங்கங்கள்.

காட்டு விலங்குகளின் நோய்களுக்கென தேசிய மையம் ஒன்றை ஜுனாகத்தில் கட்ட 2025 மார்ச்சில் அடிக்கல் நாட்டியிருக்கிறார்கள். செரங்கெட்டியில் இருந்த மாதிரி, பல ஆண்டு ரத்த மாதிரிகளைச் சேர்த்து வைக்கும் ஃப்ரீசர் அங்கே முதலில் வர வேண்டும்.