தடைசெய்யப்பட்ட செபம்: ஒல்லாந்தர்கால ஈழத்துக் கத்தோலிக்கரின் வழிபாடும் சமூக அடிப்படையும்

இறைவனோடு நெருங்கிய உறவை நாடிச் செய்யப்படும் செபம் தனிமனித உள்ளத்தின் அந்தரங்கம் என்றும், எனவே அது வரலாற்றாய்வின் எல்லைக்குள் வாராதது என்றும் கருதுவோர் உளர். செபத்தை வெறும் மயக்கமென ஒதுக்கும் கொச்சைப் பொருள்முதல்வாதமும் ஈற்றிலே இதே முடிவுக்குத்தான் வந்து சேர்கின்றது. ஆயின் மார்க்ஸ் 1844இல் சமயம்பற்றி எழுதியபோது, அதனை மனிதத் துன்பத்தின் வெளிப்பாடாக மட்டுமன்றி, அதற்கெதிரான மறுப்பாகவும் கண்டார். இவ்விரு முகங்களையும் ஒருங்கே நோக்குவதற்கு ஒல்லாந்தர்கால ஈழத்துக் கத்தோலிக்கரின் செபவாழ்வு தக்க சான்றாகும்.

1619இல் போத்துக்கீசர் வசமான யாழ்ப்பாணம் 1658இல் ஒல்லாந்தர் கைக்கு மாறியது. கத்தோலிக்கர் போத்துக்கீசருக்குத் துணைநிற்பர் என்ற அச்சம் புதிய ஆட்சியாளரிடம் இருந்தது. அதே ஆண்டிலேயே கத்தோலிக்க குருமாருக்குப் புகலிடம் அளித்தல் மரணதண்டனைக்குரிய குற்றமாக்கப்பட்டது. கோயில்கள் சீர்திருத்த சபையின் வசமாயின. ஞானஸ்நானம், திருமணம் ஆகியவற்றின் பதிவுகள் அச்சபையின் பாடசாலைகளோடு பிணைக்கப்பட்டன. சமயம் இங்கு நிருவாகத்தின் ஓர் உறுப்பாயிற்று.

குருவானவர் இன்றிப் பூசை இல்லை; பாவசங்கீர்த்தனமும் இல்லை. எஞ்சியது செபம் ஒன்றே. 1687இல் கோவாவிலிருந்து கூலியாள் வேடத்தில் வந்த யோசப் வாஸ் அடிகள், கழுத்திலே செபமாலையை அணிந்து சென்று, அதனைக் கண்டு அணுகியோர்வழியாகவே மறைந்து வாழ்ந்த கத்தோலிக்கரை அறிந்துகொண்டார் என்பது நோக்கத்தக்கது. 2015இல் புனிதராக அறிவிக்கப்பட்ட அவரும், அவர்பின் வந்த குருமாரும், எல்லா ஊர்களிலும் தங்கியிருக்க இயலாத நிலையிலே, மூப்பர், அண்ணாவி ஆகிய பொதுநிலையினரிடமே ஊர்ச் செபத்தை ஒப்படைத்தனர். கூத்துப் பயிற்றுவோனைக் குறிக்கும் அண்ணாவி என்ற சொல்லே செபம் சொல்லிக்கொடுப்போனையும் குறித்தது. கலையும் வழிபாடும் ஒரே சமூகத்தளத்தில் நிலைபெற்றிருந்தமையை இது காட்டும்.

பூசையின் மொழி இலத்தீன். வீட்டுச் செபத்தின் மொழியோ தமிழ். பரமண்டல மந்திரம், பிரியதத்த மந்திரம் என்னும் பெயர்களே, அந்நிய சமயமொன்று இந்நாட்டு வழிபாட்டு மரபின் சொற்களிலே வேரூன்றியமையைப் புலப்படுத்துகின்றன. 1705இல் ஈழம் வந்து 1742இல் மறைந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகள் தமிழிலும் சிங்களத்திலும் நூல்கள் இயற்றினார். தபசுகாலத்தில் கிறிஸ்துவின் பாடுகளை நினைந்துருகப் பயன்பட்ட அவரது வியாகுலப் பிரசங்கம், எழுத்தறியாதோரும் கேட்டு உருகுதற்குரியது. ஆறுமுகநாவலர் பிறந்த 1822ஆம் ஆண்டுக்கு முன்னரே, கேட்போரை முன்னிறுத்திய உரைநடையொன்று இங்கு வழங்கியது என்பதை இலக்கிய வரலாற்றாசிரியர் மனங்கொள்ளல் வேண்டும்.

எனினும் தாய்மொழி ஒன்றே இச்செபத்தின் வலிமைக்குக் காரணமன்று. ஒல்லாந்த போதகரும் தமிழிலேயே செபங்களைக் கற்பித்தனர். பால்தேயஸ் பாதிரியார் 1672இல் வெளியிட்ட நூலிலே கர்த்தர் கற்பித்த செபத்தின் தமிழ்வடிவம் இடம்பெற்றுள்ளது. ஆனால் பாடசாலையில் ஒப்புவித்த செபம் ஆட்சியின் பதிவேட்டுக்கு வாயிலாயிருந்தது. இரவிலே வீட்டினுள் சொன்ன செபமோ தண்டனையை எதிர்நோக்கியது. ஒரே கடவுளை நோக்கிய, ஒரே மொழியிலான இரு செபங்கள் இருவேறு சமூக உறவுகளைத் தாங்கிநின்றன. துன்புற்ற கிறிஸ்துவிடம் அம்மக்கள் கண்ட நெருக்கம், அதிகாரியின் துணையின்றித் தாமே பேசத்தக்க ஒருவரிடம் கண்ட நெருக்கமாகும்.

இதனை மிகைப்படுத்தலும் தவறு. இறைவன் திருமுன் அனைவரும் சமமெனச் செபித்தோர், கோயிலுள் சாதிக்கேற்பப் பிரிந்து அமர்ந்தமையும் வரலாறே. 1806இல் ஆங்கிலேயர் ஆட்சி கத்தோலிக்கர்மீதான தடைகளை நீக்கியது. வழிபாடு மீண்டும் கோயிலையும் குருவானவரையும் மையமாகக்கொண்டு அமையலாயிற்று. சாதி அமைப்போ நிலைத்தது. செபம் அடக்குமுறையைத் தாங்கும் வலிமையை அளித்தது; அதன் வேரைக் களையும் வழியை அளிக்கவில்லை.

ஆகவே, செபப் புத்தகங்களைச் சமய இலக்கியம் என ஒதுக்காது, எழுத்தறியா மக்களின் உள்ளம் பதிவாகியுள்ள ஆவணங்களாகவும் ஆராய்தல் முற்போக்கு ஆய்வாளரின் கடமையாகும். ஏடெழுதாத மக்கள் தம் குறைகளைச் சொல்லிய மொழி அவற்றிலேதான் எஞ்சியுள்ளது.