ஒரே ராத்திரியில் பிறந்த எண்கோணம்

இன்னைக்கு ஒரு கேள்வியோட ஆரம்பிக்கலாம். தங்க வாட்சை விட ஸ்டீல் வாட்ச் விலை அதிகமா இருக்க முடியுமா?

அம்பது வருஷத்துக்கு முன்னாடி இதுக்குப் பதில் ரொம்ப சுலபம். ஸ்டீல்னா வேலைக்கு, தங்கம்னா விசேஷத்துக்கு. 1953-ல் வந்த ரோலெக்ஸ் சப்மரீனர் கடலுக்குள்ள முங்குறவங்களுக்கான கருவி. அதை யாரும் நகையா பார்க்கல.

அந்தக் கணக்கை மாத்தினவர் ஜெரால்ட் ஜென்டா. ஓடெமார் பிகே நிறுவனத்தின் தலைவர் ஜார்ஜ் கோலே ஒருநாள் சாயங்காலம் ஃபோன் பண்ணி, "இதுவரைக்கும் யாரும் செய்யாத ஒரு ஸ்டீல் வாட்ச் வேணும், காலையில டிசைன் கைக்கு வரணும்"னு கேட்டாராம். ஜென்டாவே பின்னாடி சொன்ன கதை இது. நாளைக்கு ரிலீஸ்னு இன்னைக்கு ரிக்வயர்மென்ட் வாங்கின அனுபவம் உள்ளவங்களுக்கு அந்த ராத்திரி எப்படி இருந்திருக்கும்னு புரியும்.

பழைய முங்குநீச்சல் ஹெல்மெட்டை மனசுல வச்சு அவர் வரைஞ்சதுதான் ராயல் ஓக். எண்கோண வளையம், வெளியே தெரியுற எட்டு ஸ்க்ரூ, கேஸோட ஒட்டிப் பிறந்த மாதிரி ஒரு ஸ்டீல் பட்டை. அந்த ஸ்க்ரூ தலைகள் அறுகோணப் பள்ளத்துக்குள்ள உட்கார்ந்திருக்கு, அதனால முன்பக்கத்துல இருந்து திருகவே முடியாது. முடுக்குறது பின்பக்கம்தான். எட்டுலயும் கோடு ஒரே ஒழுங்குல நிக்கிற ரகசியம் இதுதான்.

1972-ல் பாசல் கண்காட்சியில் அறிமுகமானப்போ விலை சுமார் 3,300 சுவிஸ் பிராங்க். அப்போ பல தங்க வாட்சுகளே அதை விட மலிவு. 39 மில்லிமீட்டர் அகலம் அந்தக் காலத்துக்கு ரொம்பப் பெருசு. ஆரம்பத்துல விற்பனை மந்தமாத்தான் இருந்துச்சு.

அந்த விலைக்கு ஒரு நியாயம் இருந்தது. ஸ்டீல் கடினமான உலோகம். அதுல ஒவ்வொரு விளிம்பையும் சீவி, ஒரு பரப்பை மங்கலாவும் பக்கத்துப் பரப்பைக் கண்ணாடி மாதிரியும் கொண்டு வர்றது பெரிய வேலை. வாங்குறவர் காசு கொடுத்தது உலோகத்துக்கு இல்ல, உழைப்புக்கு. 1976-ல் படேக் பிலிப்புக்கு ஜென்டா வரைஞ்ச நாட்டிலஸும் இதே பாதைதான். கப்பல் ஜன்னல்தான் அதுக்கு மாதிரி.

இப்போ 2021-க்கு வாங்க. அந்த வருஷம் நாட்டிலஸ் 5711 மாடலை நிறுத்துறதா படேக் அறிவிச்சது. டிசம்பர்ல, டிஃப்பனி நீல நிற டயலோட 170 மட்டும் செஞ்ச பதிப்புல ஒண்ணு, நியூயார்க் ஏலத்துல சுமார் 65 லட்சம் டாலருக்குப் போச்சு. கடை விலை 52,635 டாலர். நல்ல காரியத்துக்கான ஏலம்தான். ஆனாலும் கிட்டத்தட்ட 120 மடங்கு! உழைப்பு அதேதான். ஏறினது, "எல்லாருக்கும் கிடைக்காது"ங்கறதோட விலை.

இன்னைக்குப் பல சேகரிப்பாளர்கள் தேடுறது கீறல் விழாத, பாலிஷ் போடாத கேஸ். அதனால வாட்ச் லாக்கருக்குள்ள தூங்குது. எனக்கு உறுத்துறது இதுதான். ஸ்டீலை ஜென்டா தங்கத்துக்குச் சமமா உயர்த்தினார், தினமும் கட்டிக்கலாம்ங்கறதுக்காக. கடைசியில நாம ஸ்டீலையும் தங்கம் மாதிரியே பூட்டி வச்சுட்டோம்.

உங்ககிட்ட ஒரு நல்ல வாட்ச் இருந்தா, நாளைக்குக் கட்டிட்டுப் போங்க. கீறல் விழட்டும். அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.