சிவப்புப் பெட்டியின் பூர்வீகம்: ஓர் ஆர்கேட் பெட்டி பல ஆட்டங்களுக்கு இடங்கொடுத்த வரலாறு

1981-இல் அமெரிக்காவில் இறங்கிய டாங்கி காங் ஆர்கேட் பெட்டிகளில் தொடக்கத்தில் வந்தவை சிவப்பு. பின்னர் வந்தவை நீலம். சிவப்புப் பெட்டிகள் முதலில் செய்யப்பட்டது ரேடார் ஸ்கோப் என்ற வேறோர் ஆட்டத்துக்காக. நின்டெண்டோவின் அமெரிக்கக் கிளை அந்த ஆட்டத்துக்காக ஏறத்தாழ 3,000 பெட்டிகளைத் தருவித்தது. அவற்றில் 1,000 போல விற்றன. மீதி கிடங்கில் தேங்கின. ஜப்பானிலிருந்து கடல்வழியே நியூயார்க் வந்து சேர நான்கு மாதங்கள் பிடித்தன; அதற்குள் ஆட்டத்தின் மவுசு குறைந்துவிட்டது. ரேடார் ஸ்கோப் வெளியான ஆண்டை 1979 என்று குறிக்கும் பட்டியல்களும் இருக்கின்றன; 1980 என்பதற்கே சான்று கூடுதல். தேங்கிய பெட்டிகளுக்குள் புதிய ஆட்டம் ஒன்றைப் புகுத்தியதுதான் ஆர்கேட் மாற்று வேலைகளில் மிகவும் புகழ்பெற்றது.

இந்நிகழ்வுக்குப் பரவலான வடிவம் கொடுத்தது டேவிட் ஷெஃப் 1993-இல் வெளியிட்ட ‘கேம் ஓவர்’. அமெரிக்கக் கிளையின் தலைவர் மினோரு அரக்காவா திவாலின் விளிம்பில் நிற்கிறார். கியோட்டோவில் நின்டெண்டோவின் தலைவர் ஹிரோஷி யமாவுச்சி இளம் வடிவமைப்பாளர் ஷிகெரு மியாமோட்டோவிடம் பணியை ஒப்படைக்கிறார். குரங்கும் தச்சனும் ஏணிகளும் பிறக்கின்றன. கிடங்கில் ஒரு சிறு குழு பெட்டிகளைத் திறந்து உள்ளுறுப்புகளை மாற்றுகிறது. மனிதர்களைப் பொறுத்தவரை ஷெஃப் எழுதியது மதிப்புமிக்க ஆவணம். ஆனால் நெருக்கடியும் மேதைமையும் சந்தித்ததால் மாற்றம் சாத்தியமாயிற்று என்ற அவருடைய விளக்கம் போதாது. மியாமோட்டோவின் கற்பனை புதிய ஆட்டம் ஏன் வென்றது என்பதை விளக்கும். பழைய பெட்டிக்குள் அது எப்படி அடங்கியது என்ற கேள்விக்கு அதில் விடை இல்லை. நெருக்கடியில் சிக்கிய நிறுவனங்கள் அக்காலத்தில் பல. அவை எல்லாமே தம் பெட்டிகளை இப்படி மீட்டெடுக்கவில்லை.

விடை பெட்டிக்குள் இருக்கும் மின்சுற்றுப் பலகையில் இருக்கிறது. இரண்டு ஆட்டங்களும் 3.072 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் ஓடும் இசட்80 செயலியைக் கொண்டவை. இரண்டுக்கும் நெட்டுவாக்கில் நிறுத்திய ஒரே வகைத் திரை. ரேடார் ஸ்கோப்பின் பின்னணிக் கட்டத்தை வரையும் சுற்று டாங்கி காங்குக்குத் தேவைப்படவில்லை. தொடக்ககால டாங்கி காங் நான்கு பலகைகள் கொண்ட அடுக்காகவும், பிற்காலத்தது இரண்டு பலகைகளாகவும் கிடைப்பதைக் கவனிக்க வேண்டும். நான்கடுக்கு வடிவம் முந்தைய ஆட்டத்தின் எலும்புக்கூடு. புதிய ஆட்டம் இருக்கும் வன்பொருளுக்கு ஏற்ப எழுதப்பட்டது. வன்பொருள் அதற்காக வளைக்கப்படவில்லை.

அதை எழுதியவர்கள் யார் என்பதற்கு டாங்கி காங்கின் ரோம் சில்லுகளுக்குள்ளேயே ஒரு சாசனம் கிடக்கிறது. நான்கு சில்லுகளில் 16 கிலோபைட் நிரல். அதற்குள் ஏறத்தாழ நூற்றைம்பது எழுத்துகளில், பிழைகள் மலிந்த ஆங்கிலத்தில், ஒரு செய்தி. ஆட்டம் இதை ஒருபோதும் திரையில் காட்டுவதில்லை. சில்லுகளைப் பிரதியெடுத்து வரிவரியாகப் படிப்பவர் கண்ணுக்கு மட்டுமே அகப்படும். இந்த நிரலை ஆராய்வது கடினமாக இருந்தால் நாங்கள் சொல்லித் தருகிறோம் என்று வாழ்த்தோடு தொடங்கி, ஒரு தொலைபேசி எண்ணைக் கொடுத்து, இகெகாமி நிறுவனத்தின் பெயரோடு முடிகிறது. ஊர் டோக்கியோ என்று எழுதியிருந்தாலும் எண்ணின் முன்னொட்டு கவாசாக்கி நகருக்குரியது. நின்டெண்டோவின் பெயர் இச்செய்தியில் இல்லை.

இகெகாமி சுஷின்கி ஒளிபரப்புக் கருவிகள் செய்யும் நிறுவனம். ரேடார் ஸ்கோப்பின் பலகையும் டாங்கி காங்கின் நிரலும் அதன் பொறியாளர்கள் கைவேலை. இச்சாசனத்தை நிரலாளரின் குறும்பு என்று ஒதுக்குவது எளிது. ஆனால் அது யாரை நோக்கிப் பேசுகிறது? ஆட்டக்காரரை நோக்கி அல்ல. நிரலைப் பிரித்துப் பார்க்கும் இன்னொரு பொறியாளரை நோக்கி. பிரதியெடுப்பார்கள் என்று எதிர்பார்த்தவர், பலகையைத் தம் உடைமையாகக் கருதியவர் மட்டுமே இப்படி எழுதுவார். நோக்கத்தை நேரடியாக நிறுவும் ஆவணம் இதற்கு இல்லை என்பது உண்மை. ஆயினும் பின்னர் நடந்தவை இவ்வாசிப்புக்கே துணை நிற்கின்றன. இகெகாமி நின்டெண்டோவுக்குச் செய்து கொடுத்த பலகைகள் 8,000 முதல் 20,000 வரை எனக் கணக்குகள் வேறுபடுகின்றன. அதற்குமேல் ஏறத்தாழ 80,000 பலகைகளை நின்டெண்டோ தானே பிரதியெடுத்ததாக வழக்கு எழுந்தது. 1982-இல் வந்த டாங்கி காங் ஜூனியர், முதல் ஆட்டத்தின் நிரலை வேறொரு நிறுவனத்தைக் கொண்டு பிரித்தறிந்து கட்டப்பட்டது. 1983-இல் இகெகாமி 58 கோடி யென் கேட்டு வழக்குத் தொடுத்தது. 1990-இல் வழக்கு நீதிமன்றத்துக்கு வெளியே சமரசமாயிற்று. பெட்டி மாறத்தக்கதாக இருந்ததற்குக் காரணம் ரேடார் ஸ்கோப்பும் டாங்கி காங்கும் ஒரே பட்டறையில் பிறந்தவை என்பதே. அந்த உறவு யாருக்குச் சொந்தம் என்பதுதான் வழக்கின் உள்ளடக்கம்.

இதே ஆண்டுகளில் பழைய பெட்டிக்குள் புதிய ஆட்டத்தைப் புகுத்த வேறொரு வழியும் திறந்தது. மாசசூசெட்ஸ் மாநிலத்து ஜெனரல் கம்ப்யூட்டர் கார்ப்பரேஷன், அட்டாரியின் மிஸைல் கமாண்ட் பெட்டிகளுக்கு 1981-இல் கூடுதல் பலகை ஒன்றை விற்றது. அட்டாரி வழக்குத் தொடுத்து, முடிவில் அவர்களையே தனக்கு வேலை செய்ய அமர்த்திக்கொண்டது. அவர்கள் பேக்-மேன் பெட்டிக்காக உருவாக்கிய கிரேஸி ஆட்டோ, மிட்வே நிறுவனம் வாங்கியபின் 1982-இல் மிஸ் பேக்-மேன் ஆனது. அதன் அமைப்பு எளியது: பேக்-மேன் பலகையிலிருந்து இசட்80 செயலியைக் கழற்றி, அதன் குழியில் நாடாக் கம்பியால் ஒரு துணைப்பலகையைச் செருகுவது. மூலப்பலகை சிதைவதில்லை.

நின்டெண்டோ பாடத்தை விரைவில் கற்றது. 1984-இன் வி.எஸ். சிஸ்டத்தில் ரோம்களையும் படச் சில்லையும் மாற்றினால் ஆட்டம் மாறும். டாங்கி காங் பெட்டிகளுக்கென்றே அதன் மாற்றுத் தொகுப்புகள் விற்கப்பட்டன. பழைய பெட்டிகள் பல தம் முதல் ஆட்டத்தை இழந்தது இப்படித்தான். 1986-இன் பிளேசாய்ஸ்-10 பத்து ஆட்டங்களை ஒரே பெட்டியில் வைத்தது.

1985-இல் ஜப்பானியக் கேளிக்கை எந்திர உற்பத்தியாளர் சங்கம் வகுத்த ஜம்மா தரம், மின்சாரம், நிற சமிக்ஞை, ஒலி, ஜாய்ஸ்டிக் அனைத்தையும் 56 தொடுமுனைகள் கொண்ட ஒரே இணைப்பில் கொணர்ந்தது. எஸ்.என்.கே. நிறுவனத்தின் எம்.வி.எஸ். 1990-இல் ஆறு கார்ட்ரிட்ஜ்கள் வரை ஏற்றது. 1997 பிப்ரவரியில் இத்தாலியர் நிக்கோலா சல்மோரியா வெளியிட்ட மேம் நிரல் ஆர்கேட் வன்பொருளையே மென்பொருளாகப் போலச்செய்தது. இரண்டாயிரங்களில் அறுபது ஆட்டங்களை அடக்கிய மலிவான ஜம்மா பலகைகள் வந்தன. பல ஆட்டப் பெட்டியின் வரலாற்றை இங்கிருந்து தொடங்குவது வழக்கம்.

அந்தத் தொடக்கம் பொருந்தாது என்பதை டாங்கி காங் பெட்டியே மெய்ப்பிக்கிறது. அதன் சான்யோ திரை நிற சமிக்ஞையைத் தலைகீழாக எதிர்பார்க்கும். ஜம்மா பலகையை நேரே இணைத்தால் படம் புகைப்பட நெகட்டிவ் போலத் தெரியும். எனவே இடையில் ஒரு தலைகீழாக்கி வேண்டும். திரை 100 வோல்ட்டில் ஓடுவதால் பெட்டிக்குள் இருக்கும் மின்மாற்றியைக் கழற்றலாகாது. ஒலிபெருக்கிச் சுற்று திரையின் பலகையோடு சேர்ந்தது; திரையை எறிந்தால் ஒலியும் போகும். கணினியை நுழைத்து மேம் ஓட்ட நினைப்பவருக்கோ, 15 கிலோஹெர்ட்ஸில் வரி வரையும் திரைக்கும் 31 கிலோஹெர்ட்ஸ் தரும் சாதாரண வி.ஜி.ஏ. அட்டைக்கும் ஒத்துவராது.

ஆகவே கவனமாக வேலை செய்வோர் நாடுவது பழைய வழியை. மூலப்பலகையின் இசட்80 குழியில் பொருந்தும் துணைப்பலகை, டாங்கி காங்கையும் ஜூனியரையும் ஒரே பெட்டியில் மாற்றி மாற்றி ஓட்டுகிறது. அதிகப் புள்ளிகளை மின் துண்டித்த பின்னும் நினைவில் வைக்கிறது. வேண்டாதபோது கழற்றினால் பெட்டி 1981-இன் நிலைக்குத் திரும்பும். அமைப்பில் இது மிஸ் பேக்-மேனின் வாரிசு. இரு ஆட்டங்களும் ஒரு பலகையில் ஒத்துப்போவதற்குக் காரணம், ஜூனியர் அதே இகெகாமி நிரலைப் பிரித்தெடுத்துக் கட்டப்பட்டது என்பதே. நான்கடுக்குப் பலகையோடு எஞ்சியிருக்கும் சிவப்புப் பெட்டிகளில் எதைச் செய்தாலும், துளையிடாமலும் கம்பித்தொகுப்பை வெட்டாமலும் செய்வது கட்டாயம்; மாற்றம் நடந்த விதத்துக்கு அவற்றைவிட நேரடியான சான்று வேறில்லை.