மருந்துக்கடை வழியே வந்த நஞ்சு

கூடங்குளத்தில் மாணவர் சிலரோடு ஒருமுறை உரையாடிக்கொண்டிருந்தேன். "கஞ்சா கேடு என்பதை ஒப்புக்கொள்கிறோம். மருந்துக்கடையில் விற்கும் வலி மாத்திரையில் என்ன கேடு இருக்கமுடியும்?" என்றார் ஒருவர். நகைத்துத் தள்ளத்தக்க வினா அன்று அது.

1874-இல் லண்டனில் ரைட் என்னும் வேதியியலார் அபினியின் சத்தாகிய மார்ஃபினை மாற்றிப் புதுப்பொருள் ஒன்றை ஆக்கினார். 1898-இல் ஜெர்மனியின் பேயர் நிறுவனம் அதனை இருமல் மருந்தாக விற்கத் தொடங்கியது. இட்ட பெயர் ஹெராயின்! கேடு மருந்துக்கடை வழியாகவே உலகினுள் நுழைந்தது.

நம் நாட்டில் எச்.ஐ.வி. கிருமியை 1986-இல் சென்னையில் டாக்டர் சுனிதி சாலமன் குழுவினர் முதன்முதல் கண்டறிந்தனர். மணிப்பூரில் ஹெராயினை ஊசியால் ஏற்றிக்கொள்வோரிடையே 1989 செப்டம்பர் வரை அக்கிருமி காணப்படவில்லை. அடுத்த ஆறே மாதங்களில், சோதிக்கப்பட்டோருள் ஏறத்தாழப் பாதிப்பேரிடம் அது இருந்தது. இத்தனை விரைவு எங்ஙனம்? ஊசி ஒன்று, கைகள் பல. காவலர்க்கு அஞ்சி மறைவிடத்தில் கூடியோர் கையில் கிடைத்த ஒன்றையே மாற்றி மாற்றிக் குத்திக்கொண்டனர். ஊசித்துளையில் தங்கிய, கண்ணுக்குப் புலப்படாத குருதியே போதுமானதாயிற்று. சிறைக்கு அஞ்சியவர்கள் ஊசிக்கு அஞ்சவில்லை என்பதை எண்ணும்போதெல்லாம் என் மனம் வருந்துகிறது.

மிசோரத்திலும் நாகாலாந்திலும் நிகழ்ந்தது மாணவர் வினாவுக்கு இன்னும் நெருக்கமானது. டெக்ஸ்ட்ரோபுரோப்பாக்சிஃபீன் முற்றிலும் ஆய்வுக்கூடத்தில் பிறந்த வலிநீக்கி. விழுங்குதற்கென்றே செய்த அதன் குளிகைத் தூளை இளைஞர்கள் ஊசியில் ஏற்றினர். நீரில் கரையாத துகள்கள் நாளங்களை அடைத்தன; கையிலும் காலிலும் சீழ்க்கட்டிகள் எழுந்தன. 2013-இல் அரசு அம்மருந்தைத் தடை செய்தது. 2018-இல் டிரமடாலும் போதைப்பொருள் சட்டத்தின் கட்டுக்குள் வந்தது. ஒன்றை அடக்க மற்றொன்று தலைதூக்கியது: அண்மை ஆண்டுகளில் தமிழகத்திலேயே டேபெண்டடால் மாத்திரைகள் இவ்வாறு ஊசியில் ஏறின.

"வயிற்றுக்கென்று செய்தது நாளத்துக்கென்று செய்யப்படவில்லை, தம்பி" என்று அம்மாணவருக்கு விடையளித்தேன். அவர் விடவில்லை. "அப்படியானால் அகப்பட்டுக்கொண்டவர் மீள வழியே இல்லையா?" என்றார்.

வழி உண்டு. சென்னையில் ஒருகாலத்தில் பலர் ஊசியால் ஏற்றிக்கொண்ட மருந்து பூப்ரெனார்ஃபின். அதே மருந்து இன்று தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பின் மையங்களில், பணியாளர் கண்முன்னே, நாவின் அடியில் கரையும் மாத்திரையாக அளிக்கப்படுகிறது. அங்கே ஊசிக்கு வேலையில்லை.