நடுவரின் அறிக்கையும் ஆட்டக்காரரின் மறுமொழியும்: இங்கிலாந்தின் அமெச்சூர் கால்பந்தில் ஒழுங்கு விசாரணை உருவான வரலாறு

கிழக்கு லண்டனின் ஹாக்னி மார்ஷஸ் திடல்களில் ஞாயிற்றுக்கிழமைகளில் ஆடுபவர்களுக்குக் கால்பந்து பிழைப்பு அல்ல. ஆனாலும் அங்கே ஒருவர் சிவப்பு அட்டை வாங்கினால், ஒன்றரை நூற்றாண்டாக உருவாகி வந்த ஒரு விசாரணை முறை இயங்கத் தொடங்குகிறது. நடுவர் அறிக்கை எழுதுகிறார். வட்டாரச் சங்கம் குற்றச்சாட்டை அனுப்புகிறது. ஆட்டக்காரர் ஒப்புக்கொள்ளலாம், மறுக்கலாம். இந்த மறுக்கும் உரிமை எப்படி வந்தது என்பதே இக்கட்டுரையின் கேள்வி. சங்கங்கள் அதைத் தாமாக முன்வந்து முழுமையாகக் கொடுத்துவிடவில்லை. நீதிமன்றப் படியேறியவர்களின் வழக்குகள் அதில் பெரும் பங்கு வகித்தன.

1863 அக்டோபர் 26 அன்று லண்டனின் ஃப்ரீமேசன்ஸ் டாவர்ன் விடுதியில் கால்பந்துச் சங்கம் தொடங்கப்பட்டது. அவ்வாண்டு வெளியான விதிகளில் நடுவர் என்றொருவரே இல்லை. தகராறு வந்தால் இரு அணித் தலைவர்களும் பேசித் தீர்ப்பார்கள். கனவான்கள் வேண்டுமென்றே தவறு செய்யமாட்டார்கள் என்ற நம்பிக்கை அதற்கு அடிப்படை. உயர்தரப் பள்ளிகளில் படித்தவர்கள் தங்களுக்குள் ஆடியவரை அந்த நம்பிக்கை தாக்குப்பிடித்தது. ஷெஃபீல்டில் 1867இலும், பர்மிங்காமில் 1875இலும், லங்காஷயரில் 1878இலும் வட்டாரச் சங்கங்கள் தோன்றி, ஆலைத் தொழிலாளர்கள் ஆட்டத்துக்குள் பெருமளவில் வந்தபோது அது போதவில்லை. 1874இல் அணிக்கு ஒருவராக மத்தியஸ்தர்கள் விதிகளில் இடம்பெற்றனர். அவர்களுக்குள் ஒத்துவராதபோது முடிவு சொல்ல 1881இல் நடுவர் வந்தார். 1891இல் அவர் எல்லைக்கோட்டுக்கு உள்ளே வந்து, ஆட்டத்தில் முடிவெடுக்கும் ஒரே அதிகாரியானார்.

தொடக்ககாலத்தின் பெரிய விசாரணைகள் முரட்டு ஆட்டத்தைப் பற்றியவை அல்ல, பணத்தைப் பற்றியவை. 1884 ஜனவரியில் சங்கக் கோப்பைப் போட்டியில் பிரஸ்டன் நார்த் எண்ட் அணியுடன் சமன்செய்த லண்டனின் அப்டன் பார்க் அணி, பிரஸ்டன் தன் ஆட்டக்காரர்களுக்குக் காசு கொடுக்கிறது என்று முறையிட்டது. பிரஸ்டனின் நிர்வாகி வில்லியம் சடல் குற்றத்தை மறுக்கவில்லை. எல்லோரும் செய்வதைத்தானே நாங்களும் செய்கிறோம் என்ற தொனியில் பேசினார். பிரஸ்டன் நீக்கப்பட்டது. ஆனால் அந்த வெளிப்படையான வாக்குமூலம் கிளப்பிய புயலில், 1885 ஜூலையில் சங்கம் தொழில்முறை ஆட்டத்தையே சட்டபூர்வமாக்க நேர்ந்தது. தண்டனை பெற்றவர் சொன்ன பதில் விதியையே மாற்றியது. விசாரணையில் எதிர்த்தரப்பைப் பேசவிடுவதன் பயனுக்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

நடுவர் ஆடுகளத்துக்குள் வந்த பின் விசாரணையின் மையம் அவருடைய அறிக்கைக்கு நகர்ந்தது. களத்தில் அவர் எடுத்த முடிவு இறுதியானது. இல்லையென்றால் எந்த ஆட்டமும் முடியாது. அந்த இறுதித்தன்மை சத்தமில்லாமல் விசாரணை அறைக்குள்ளும் நுழைந்தது. ஆட்டத்தின் முடிவு மாறாது என்பது வேறு. அறிக்கையில் எழுதிய சம்பவம் அப்படியே நடந்தது என்பது வேறு. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்க நெடுங்காலம் பிடித்தது. காலவரையறை இல்லாத தடை என்ற தண்டனையும் அக்காலத்தில் வழக்கத்தில் இருந்தது. சங்கத்தின் அதிகாரம் எவ்வளவு தூரம் நீண்டது என்பதற்கு 1921 டிசம்பர் 5ஆம் தேதித் தீர்மானம் சாட்சி: பெண்கள் ஆடுவதற்குத் திடல் கொடுக்க வேண்டாம் என்று உறுப்பினர் கிளப்புகளிடம் சங்கம் கேட்டுக்கொண்டது. ஏறத்தாழ அரை நூற்றாண்டு அந்தத் தடை நீடித்தது.

நீதிமன்றங்கள் முதலில் தயங்கின. ஒரு சங்கத்தில் சேர்கிறவர் அதன் விதிகளை ஏற்றுத்தானே சேர்கிறார் என்பது அவர்களின் வாதம். 1949இல் குதிரைப் பந்தயத் துறையிலிருந்து வந்த வழக்கில் ரஸல் என்ற பயிற்சியாளர் தோற்றார். ஆனாலும் இயற்கை நீதியின் அளவு சூழலுக்கேற்ப மாறினாலும், தன் தரப்பைச் சொல்ல நியாயமான வாய்ப்பு ஒருவருக்கு வேண்டும் என்ற கருத்து அத்தீர்ப்பில் பதிவாயிற்று. 1968இல் பெட் என்ற வேட்டைநாய்ப் பந்தயப் பயிற்சியாளர், தன் நாய்க்கு மருந்து கொடுக்கப்பட்டதா என்ற விசாரணைக்கு வழக்கறிஞருடன் வர அனுமதி கேட்டார். மனிதனின் நற்பெயரும் பிழைப்பும் தொங்கும் இடத்தில் அது நியாயமே என்றார் நீதிபதி டென்னிங் பிரபு.

அதே டென்னிங் முன்தான் 1970இல் என்டர்பி டவுன் கால்பந்து கிளப்பின் வழக்கு வந்தது. நிர்வாகத்தில் கடும் அலட்சியம் என்று அந்தச் சிறிய கிளப்புக்கு வட்டாரச் சங்கம் அபராதம் விதித்திருந்தது. மேல்முறையீட்டில் வழக்கறிஞர் வேண்டும் என்றது கிளப். சங்கத்தின் விதி அனுமதிக்கவில்லை. மேல்முறையீட்டு நீதிமன்றம் கிளப்பின் கோரிக்கையை ஏற்கவில்லை. சட்டக் கேள்விகள் இருந்தால் கிளப் நேராக நீதிமன்றத்துக்கே வரலாம், உள்விசாரணையை வழக்கறிஞர் இல்லாமலும் நியாயமாக நடத்த முடியும் என்பது அதன் சாரம். கிளப் தோற்றது உண்மை. ஆனால் விதி என்ன சொல்கிறது என்பதன் கடைசி வார்த்தை சங்கத்துடையது அல்ல என்பதும் அதில் உறுதியானது. உள்ளூர் ஆட்டத்தைப் பொறுத்தவரை இது சரியான தீர்ப்பு என்றே கருதுகிறேன். வழக்கறிஞர் கட்டணம் கொடுக்க முடிந்த கிளப்பே வெல்லும் என்ற நிலை அங்கே வந்திருக்கக் கூடாது.

அறிக்கையை எதிர்த்துக் கேள்வி கேட்கும் உரிமை வேறொரு ஆட்டத்தின் வழியாக வலுப்பெற்றது. வேல்ஸ் ரக்பியில் மார்க் ஜோன்ஸ் என்ற ஆட்டக்காரர் மோதலுக்காக வெளியேற்றப்பட்டு, நான்கு வாரத் தடை பெற்றார். விசாரணைக் குழு காணொளியைத் தனியே பார்த்துக்கொண்டது. அறிக்கையில் சொன்ன நிகழ்வை அவர் கேள்வி கேட்டோ சான்று காட்டியோ எதிர்க்க விடவில்லை. 1997இல் உயர் நீதிமன்ற நீதிபதி எப்ஸ்வொர்த் அந்தத் தண்டனையை நிறுத்திவைத்து இடைக்கால ஆணை வழங்கினார். ரக்பி அப்போது தொழில்முறை ஆட்டமாகி இரண்டே ஆண்டு ஆகியிருந்தது. பழைய அமெச்சூர் காலத்துக் குழு நடைமுறை இனிச் செல்லாது என்பதை அந்த வழக்கு காட்டியது.

இன்றைய அடித்தளக் கால்பந்தில் குற்றச்சாட்டு எழுத்தில் வரவேண்டும். கிளப் தன் பதிலை அனுப்பி, நேரில் வருவதா, எழுத்துமூல விசாரணை போதுமா என்று தேர்வுசெய்யலாம். வழக்கமாக மூவர் கொண்ட குழு, எது நடந்திருக்க அதிக வாய்ப்பு என்ற உரிமையியல் வழக்கு அளவுகோலால் முடிவெடுக்கிறது. வன்முறை ஆட்டத்துக்கு வழக்கமாக மூன்று ஆட்டத் தடை. நடுவரைத் தாக்கினால் ஐந்து ஆண்டு. குழு தன் காரணங்களை எழுத்தில் தரும், மேல்முறையீடும் உண்டு. 2020இன் கொரோனா முடக்கத்துக்குப் பின் பல விசாரணைகள் காணொளி வழியே நடக்கின்றன.

இன்னும் தீராத சிக்கல் சான்றுதான். உள்ளூர்த் திடலில் கேமரா இல்லை. எல்லைக்கோட்டில் கொடி பிடிப்பவர் பெரும்பாலும் ஏதாவது ஒரு அணியைச் சேர்ந்தவர். தனியாக நிற்கும் நடுவர் ஒருவர், எதிரே ஒரே குரலில் பேசும் பதினொரு பேர். அறிக்கைக்குக் கூடுதல் மதிப்பு கொடுத்தால் ஆட்டக்காரருக்கு அநீதி. கொடுக்காவிட்டால் நடுவர் வசைக்கும் அடிக்கும் ஆளாகி ஆட்டத்தை விட்டே போய்விடுவார். 2023இல் சில வட்டார லீகுகளில் நடுவர்களின் மார்பில் கேமரா பொருத்தும் சோதனை தொடங்கியதன் பின்னணி இதுதான். அடிப்பவரைத் தடுப்பது அதன் முதல் நோக்கம். அதே பதிவு விசாரணைக் குழுவுக்குச் சான்றாகவும் ஆகும்.

இந்தியச் சட்டமும் இதே தடத்தில் வந்ததுதான். 1962இல் தாவர் வழக்கில் உச்ச நீதிமன்றம், ஒரு ஃப்ரீமேசன் சங்கம் உறுப்பினரை நீக்கியதைப் பரிசீலித்தபோது, தன்னார்வச் சங்கமும் தன் விதிகளின்படியே நடக்க வேண்டும், விசாரணையில் இயற்கை நீதியைக் காக்க வேண்டும் என்றது. தமிழ்நாட்டில் 1975ஆம் ஆண்டுச் சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்கீழ் பதிவான விளையாட்டு மன்றங்களுக்கும் இது பொருந்தும். மாவட்ட லீக் நடத்துகிறவர்கள் அடுத்த பொதுக்குழுவுக்கு முன் தங்கள் துணைவிதிகளை எடுத்துப் பார்க்கட்டும். தடைவிதிக்கும் அதிகாரம் எழுதியிருக்கும் பக்கத்திலேயே, அறிக்கையின் நகலை ஆட்டக்காரருக்குக் கொடுத்து அவர் பதிலைக் கேட்கும் கடமையும் எழுதப்பட்டிருக்க வேண்டும். இல்லையென்றால் அதை இந்தப் பருவமே சேர்த்துவிடுங்கள்.