ஏட்டில் ஏறிய கணக்கும் ஏறாத கணக்கும்

தோட்டப்புறத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்குப் பெரட்டுக் களம் புதிதன்று. பொழுது புலருமுன்னரே பாட்டாளிகள் அங்கே கூடி நிற்பர். கிராணியார் தம் பேரேட்டைத் திறந்து ஒவ்வொருவர் பெயருக்கு எதிரேயும் குறியிடுவார். மரஞ்சீவி முடிந்தபின் பாலின் எடை அதே ஏட்டில் ஏறும். எத்தனை பேர் வந்தனர், எவ்வளவு பால் கிடைத்தது, எவ்வளவு கூலி என்பன யாவும் அந்த ஏட்டில் துல்லியமாக இருந்தன. ஆனால், ஆலைக் கழிவு கலந்த ஆற்றின் நிறம் அந்த ஏட்டில் இல்லை. காடழிந்த மேட்டிலிருந்து மழையோடு கரைந்துபோன மண்ணும் இல்லை. கணக்கில் ஏறாதது கேள்விக்கும் வருவதில்லை என்பதே அந்தப் பேரேடு நமக்குக் கற்பித்த பாடம்.

இன்று பெரிய நிறுவனங்கள் பணக் கணக்கோடு வேறொரு கணக்கையும் ஆண்டுதோறும் வெளியிடுகின்றன. எவ்வளவு நீரைச் செலவிட்டோம், எவ்வளவு கரியமில வாயுவை வெளியேற்றினோம், எவ்வளவு குப்பையை உண்டாக்கினோம், எங்கள் மூலப்பொருள் எந்த நிலத்திலிருந்து வந்தது என்றெல்லாம் கூறும் அந்த ஏட்டிற்கு 'நிலைத்தன்மை அறிக்கை' என்று பெயர். அது எவ்வாறு பிறந்தது? அதனை எவ்வளவு நம்பலாம்? இவ்வினாக்களுக்கு விடை காண யூனிலீவர் நிறுவனத்தின் வரலாற்றை ஈண்டு எடுத்துக்கொள்வோம். நம் இல்லங்களின் சவர்க்காரமும் தேயிலையும் நெடுங்காலம் அதன் பெயர்தாங்கி வந்தவை; நம் மண்ணின் செம்பனையோடும் அதற்கு உறவுண்டு.

பணக் கணக்கு நடந்த பாதை

பணக் கணக்கும் ஒரே நாளில் நம்பகம் பெற்றதன்று. இங்கிலாந்தில் 1844ஆம் ஆண்டுச் சட்டம், கூட்டுப் பங்கு நிறுவனங்கள் இருப்புநிலைக் குறிப்பை வெளிப்படுத்த வேண்டுமென விதித்தது. 1856இல் அந்தக் கட்டாயம் தளர்த்தப்பட்டது. மீண்டும் 1900ஆம் ஆண்டில்தான் தணிக்கை எல்லா நிறுவனங்களுக்கும் கட்டாயமாயிற்று. இடைப்பட்ட காலத்தில் வங்கிகள் வீழ்ந்தன. முதலீட்டாளர் பலர் ஏமாந்தனர். தாமாக எழுதும் கணக்கு வேறு, பிறர் சரிபார்க்கும் கணக்கு வேறு என்ற தெளிவு பிறக்க அரை நூற்றாண்டிற்கு மேல் ஆயிற்று. சுற்றுச்சூழல் கணக்கு அதே பாதையில் இப்பொழுதுதான் நடக்கத் தொடங்கியுள்ளது.

சவர்க்காரமும் செம்பனையும்

வில்லியம் லீவர் என்பார் தம் உடன்பிறந்தாரோடு 1885இல் சவர்க்காரத் தொழிலைத் தொடங்கினார். விலங்குக் கொழுப்பையே பெரிதும் நம்பியிருந்த அத்தொழிலில், தாவர எண்ணெய் கலந்த 'சன்லைட்' சவர்க்காரம் அவருக்குப் பெருஞ்செல்வம் ஈட்டித் தந்தது. 1888இல் தொடங்கித் தம் தொழிலாளருக்காகப் 'போர்ட் சன்லைட்' எனும் அழகிய சிற்றூரை அவர் எழுப்பினார். தோட்டமும் பள்ளியும் கூடமும் அமைந்த அவ்வூரைக் காண வந்தோர் வியந்து பாராட்டினர்.

எண்ணெயின் தேவை பெருகவே, 1911இல் பெல்ஜிய அரசோடு உடன்படிக்கை செய்துகொண்டு, காங்கோ நாட்டில் பரந்த பனைக்காடுகளின்மீது உரிமை பெற்றார். அங்கே குலை வெட்டியோரில் பலர் தம் விருப்பத்தின்படி வந்தவரல்லர். குடியேற்ற ஆட்சியின் வற்புறுத்தலால் வேலைக்கு இழுக்கப்பட்டவர் என்பதைப் பிற்கால வரலாற்றாய்வு ஆவணங்கொண்டு நிறுவியுள்ளது. போர்ட் சன்லைட்டின் தோட்டம் உலகின் கண்ணில் பட்டது. காங்கோவின் காடு படவில்லை.

லீவர் நிறுவனம் நெதர்லாந்தின் மார்கரின் நிறுவனத்தோடு 1929இல் இணைய உடன்பட்டு, 1930ஆம் ஆண்டின் தொடக்கத்தில் யூனிலீவர் ஆயிற்று. 1947இல் அது ஜொகூர் மாநிலத்துக் குளுவாங்கில் செம்பனைத் தோட்டத் தொழிலில் கால் பதித்தது. பின்னர்ச் சபாவிலும் விரிந்தது. 'பாமோல்' எனும் பெயரில் அத்தோட்டங்கள் நெடுங்காலம் விளங்கின.

வெளியிலிருந்து எழுந்த வினா

நிறுவனங்கள் தாமாக மனமுவந்து இப்புதிய ஏட்டைத் திறந்தன என்று கருதுவது பிழையாகும். 1984ஆம் ஆண்டு டிசம்பரில் போபால் நகரில் நச்சுவாயு கசிந்து ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். அதன் எதிரொலியாக 1986இல் அமெரிக்கா, ஆலைகள் வெளியேற்றும் நச்சுப்பொருள்களின் அளவை ஊரறிய அறிவிக்க வேண்டுமெனச் சட்டம் இயற்றியது. 1987இல் ஐக்கிய நாடுகளின் பிரண்ட்லாண்ட் குழு, நாளைய தலைமுறையின் தேவைக்கு ஊறு நேராமல் இன்றைய தேவையை நிறைவுசெய்யும் வளர்ச்சியே நிலைத்த வளர்ச்சி என விளக்கியது. 1989இல் 'எக்சன் வால்டெஸ்' கப்பல் அலாஸ்காக் கடலில் எண்ணெயைக் கொட்டியது. அந்த அதிர்ச்சியிலிருந்து பிறந்த முயற்சிகள், 1997இல் பாஸ்டனில் உலகளாவிய அறிக்கையிடல் முனைப்பு உருவாகவும், 2000ஆம் ஆண்டில் அதன் முதல் வழிகாட்டி நெறிகள் வெளிவரவும் வழிவகுத்தன. யூனிலீவர் தன் முதற் சுற்றுச்சூழல் அறிக்கையை 1996இல் வெளியிட்டது.

ஆயினும், அறிக்கை வந்துவிட்டதால் எல்லாம் வெளிச்சத்திற்கு வந்துவிடவில்லை. தமிழ்நாட்டின் கொடைக்கானலில் அந்நிறுவனத்தின் இந்தியக் கிளை வெப்பமானி ஆலை ஒன்றை நடத்தி வந்தது. 2001இல் பாதரசம் தோய்ந்த கண்ணாடிக் கழிவு ஊரின் பழம்பொருள் கிடங்கொன்றில் குவிந்து கிடப்பதை வெளிப்படுத்தியவர்கள் உள்ளூர் மக்களும் கிரீன்பீஸ் இயக்கத்தாருமே. ஆலை மூடப்பட்டது. தொழிலாளரின் நோய்க்கு ஆலை காரணமன்று என்பது நிறுவனத்தின் நிலைப்பாடு. எனினும் நீண்ட வழக்கிற்குப்பின், 2016ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் முன்னாள் தொழிலாளர் 591 பேரோடு மனிதாபிமான அடிப்படையில் உடன்பாடு காணப்பட்டது. பதினைந்து ஆண்டுகள்! ஓர் அறிக்கையின் பக்கத்தைப் புரட்டுவது எளிது. அந்தப் பதினைந்து ஆண்டுகளைக் கடப்பது எளிதன்று.

நூறு விழுக்காட்டின் பொருள்

செம்பனைக்காகக் காடுகள் அழிவதை உலகம் கேள்வி கேட்கத் தொடங்கியபொழுது, வணிகரும் தோட்ட முதலாளிகளும் இயற்கைக் காவலரும் 2003இல் கோலாலம்பூரில் கூடினர். அதன் பயனாக 2004இல் நிலைத்த செம்பனை எண்ணெய்க்கான வட்டமேசை அமைப்பு உருவாயிற்று. அதைத் தோற்றுவித்தோருள் யூனிலீவரும் ஒன்று. ஆனாலும் 2008ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் கிரீன்பீஸ் இயக்கத்தார் ஒராங் ஊத்தான் வேடமணிந்து அந்நிறுவனத்தின் வாயில்களில் போராடினர். அவர்கள் சென்ற இடங்களுள் போர்ட் சன்லைட்டும் ஒன்று என்பது வரலாற்றின் விந்தை. சில நாள்களிலேயே, 2015ஆம் ஆண்டிற்குள் தன் செம்பனை எண்ணெய் முழுவதையும் சான்று பெற்ற மூலங்களிலிருந்து பெறுவதாக நிறுவனம் உறுதி கூறியது.

2012இல், மூன்றாண்டுகள் முன்னதாகவே நூறு விழுக்காட்டை எட்டிவிட்டதாக அது அறிவித்தது. இங்கேதான் மாணவர்கள் சற்று நின்று சிந்திக்க வேண்டும். அந்த நூற்றில் மிகப் பெரும்பகுதி, எண்ணெயன்று, பத்திரம். நெறிப்படி பயிரிடும் தோட்டம் தான் விளைவித்த ஒவ்வொரு டன்னுக்கும் ஒரு சான்றுப் பத்திரம் பெறும். எண்ணெய் பொதுத் தொட்டியில் மற்ற எண்ணெயோடு கலந்து எங்கோ செல்லும். பத்திரத்தை மட்டும் சவர்க்கார நிறுவனம் விலைக்கு வாங்கும். இதில் பொய்யில்லை. நல்ல விவசாயிக்கு ஊக்கத்தொகை சேர்கிறது. ஆனால், நம் கையிலுள்ள சவர்க்காரத்தில் இருக்கும் எண்ணெய் எந்தக் காட்டை அழித்து வந்தது என்ற வினாவிற்கு அந்த நூறு விடை கூறவில்லை. தான் எண்ணெய் பெறும் ஆலைகளின் பட்டியலை, 1,400க்கும் மேற்பட்ட பெயர்களோடு, நிறுவனம் 2018ஆம் ஆண்டு பிப்ரவரியில்தான் வெளியிட்டது. பெயர் தெரிந்தபின்னரே பிறர் சென்று பார்க்க இயலும். எண்ணைவிடப் பெயர் மேலானது என்பதற்கு இது சான்று.

பெயரின் வலிமையை மற்றொரு நிகழ்ச்சியும் காட்டும். மலேசியாவிலிருந்த பாமோல் தோட்டங்களை யூனிலீவர் 2003இல் ஐ.ஓ.ஐ. குழுமத்திற்கு விற்றுவிட்டது. மேற்குக் கலிமந்தானில் காடழிப்புத் தொடர்பாக எழுந்த முறையீட்டினால், 2016ஆம் ஆண்டு ஏப்ரலில் அக்குழுமத்தின் சான்றுரிமையை வட்டமேசை அமைப்பு சில மாதங்களுக்கு நிறுத்திவைத்தது. அப்பொழுது அதனிடம் வாங்குவதை விலக்கிக்கொண்ட நிறுவனங்களுள் யூனிலீவரும் ஒன்று. தோட்டத்தை விற்றவனுக்குத் தோட்டத்தின் பொறுப்பு தீர்ந்துவிடுவதில்லை. வாங்கும் எண்ணெயோடு அது மீண்டும் வாயிலுக்கு வந்து நிற்கிறது.

பகுதி எண்ணும் எல்லைக்கோடும்

2010ஆம் ஆண்டு நவம்பரில், தலைமை அதிகாரி பால் போல்மன் காலத்தில், நிறுவனம் பத்தாண்டுத் திட்டமொன்றை வெளியிட்டது. நூறு கோடிக்கும் மேற்பட்ட மக்களின் நலத்தை உயர்த்துவது, பொருள்களால் சுற்றுச்சூழலுக்கு ஏற்படும் சுமையைப் பாதியாகக் குறைப்பது, வேளாண் மூலப்பொருள் முழுவதையும் நிலைத்த முறையில் பெறுவது ஆகியன அதன் பெருங்குறிக்கோள்கள்.

பின்னத்தில் தொகுதி எண்ணும் பகுதி எண்ணும் உண்டென்பதை ஆரம்பப்பள்ளி மாணவரும் அறிவர். இத்திட்டத்தில் சுமை அளக்கப்பட்டது 'நுகர்வோரின் ஒருமுறைப் பயன்பாட்டிற்கு' என்ற பகுதி எண்ணைக்கொண்டு. ஒரு குளியலுக்கான சுமை குறைந்தாலும், குளிப்போர் தொகை பெருகினால் உலகம் தாங்கும் மொத்தச் சுமை கூடவும் கூடும். இரண்டையும் கேட்டறியாதவர் பாதி உண்மையையே அறிந்தவராவர்.

மற்றொன்று எல்லைக்கோடு. பொருள்களின் வாழ்நாள் முழுவதையும் கணக்கிட்டபொழுது, வெப்பவாயுச் சுமையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு ஆலையில் பிறக்கவில்லை. மக்கள் அவற்றைப் பயன்படுத்தும்பொழுது, பெரிதும் குளியலறையில் வெந்நீர் காய்ச்சுவதில் பிறந்தது. ஆலைகள் நன்கு முன்னேறிய ஆண்டுகளில்கூட இந்தப் பகுதி அடங்கவில்லை. 2010ஐவிடச் சுமை கூடியிருப்பதை நிறுவனம் தன் அறிக்கைகளிலேயே சில ஆண்டுகள் ஒப்புக்கொண்டது. இந்த நேர்மை போற்றத்தக்கது. ஆனால் 2020இல் அறிவித்த புதிய குறிக்கோளோ, 2039க்குள் நிகர வெளியேற்றத்தைச் சுழியமாக்குவதை மூலப்பொருளிலிருந்து கடைப்படி வரைதான் அளக்கிறது. வெந்நீர் கோட்டிற்கு வெளியே போயிற்று. மக்களின் குளியலறையை நிறுவனம் ஆள முடியாது என்பது ஏற்கத்தக்க காரணமே. எனினும் கோடு நகர்ந்ததை அறியாமல் இரு குறிக்கோள்களையும் ஒப்பிடுவோர் ஏமாந்து போவர். 2024ஆம் ஆண்டு ஏப்ரலில் இன்னொரு மாற்றமும் நேர்ந்தது. புதிய பிளாஸ்டிக்கை 2025க்குள் பாதியாகக் குறைப்போம் என்றிருந்த வாக்கு, 2026க்குள் 30 விழுக்காடு என்று சுருங்கியது.

சட்டத்தின் வருகை

விருப்பம்போல் எழுதிய ஏட்டிற்கு இப்பொழுது விதிகள் வந்துகொண்டிருக்கின்றன. பர்சா மலேசியா 2015இலும் சிங்கப்பூர்ப் பங்குச் சந்தை 2016இலும் தம் பட்டியலிலுள்ள நிறுவனங்களிடம் நிலைத்தன்மை குறித்த விவரம் கேட்கத் தொடங்கின. 2023ஆம் ஆண்டு ஜூனில் இதற்கான அனைத்துலகத் தரநெறிகள் வெளிவந்தன. அவற்றைப் படிப்படியாகப் பின்பற்றும் சட்டகத்தை மலேசியா 2024ஆம் ஆண்டு செப்டம்பரில் அறிவித்தது. 1844க்கும் 1900க்கும் இடைப்பட்ட அந்தப் பழைய பாதையே இங்கும் தெரிகிறது.

ஆனால், சட்டம் ஏட்டைத் திறக்கச் செய்யலாம். படிக்கும் பொறுப்பு நம்முடையது. எந்த அறிக்கையைக் கையிலெடுத்தாலும் மூன்று வினாக்களை எழுப்ப மாணவர்கள் பழகவேண்டும். எதனால் வகுத்து இந்த எண் வந்தது? எல்லைக்கோடு எங்கே போடப்பட்டுள்ளது? எழுதியவரைத் தவிர வேறு யார் நேரில் சென்று பார்த்தார்?

பெரட்டுக் களத்தின் பேரேட்டை நம் முன்னோருள் பலர் படிக்க இயலாமல் கைநாட்டு வைத்தனர். அவர்களுடைய பேரப்பிள்ளைகள் இன்று படிக்க வல்லவர்கள். ஏட்டில் ஏறியதைச் சரிபார்ப்பதும், ஏறாததைக் கேட்டுப் பெறுவதும் அந்தக் கல்விக்கு நாம் செலுத்தும் கடன்.