தும்புத்தூள் மண்ணான கதை

ரொறன்ரோவின் தோட்டக் கடைகளில் கபில நிறச் சதுரக் கட்டிகளை அடுக்கி வைத்திருப்பார்கள். ஐந்து கிலோக் கட்டி ஒன்றைப் பெரிய தொட்டியில் போட்டுத் தண்ணீர் ஊற்றினால், அது ஊறிப் பொங்கி எழுபது லீற்றர் அளவுக்கு வந்துவிடும். உறையில் இலங்கை என்றோ இந்தியா என்றோ அச்சிட்டிருக்கும். வாங்குகிறவர்களில் தக்காளி வைக்கிறவர்கள் உண்டு, கோடையில் பின்வளவில் கத்தரியும் மிளகாயும் வைக்கிற யாழ்ப்பாணத்து அம்மம்மாக்கள் உண்டு, கஞ்சா வைக்கிறவர்களும் உண்டு. 2018 ஒக்டோபர் 17 முதல் கனடாவில் கஞ்சா சட்டப்படியான பயிர். ஒன்ராறியோவில் ஒரு வீட்டுக்கு நான்கு செடி வளர்க்கலாம். இந்தக் கட்டியைப் பற்றி அந்த நான்கு செடிக்காரரைப் போல் நுணுக்கமாகப் பேசுகிறவர் குறைவு. ஒரு நாளைக்கு எத்தனை தரம் தண்ணீர், அதில் எவ்வளவு பசளை, சட்டிக்குக் கீழே வழிகிற நீரில் உப்பு எவ்வளவு என்று மணிக்கணக்கில் சொல்லுவார். அவர் சொல்லும் பொருளோ, தேங்காய்ப் பொச்சு அடிக்கிற இடத்தில் காற்றோடு பறந்து வந்து கண்ணுக்குள் விழுகிற தூள்தான்.

பொச்சு மட்டையைத் தண்ணீரில் ஊறப்போட்டு, அடித்து, நாரைப் பிரித்தெடுப்பது பழைய தொழில். அந்தத் தும்பில் கயிறு திரித்தோம், கால்மிதி பின்னினோம், முற்றம் கூட்ட விளக்குமாறு கட்டினோம். ஆனால் மட்டையில் தும்பு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். மிச்சம் இரண்டு பங்கு, நாருக்கும் நாருக்கும் இடையில் ஒட்டிக் கிடக்கும் பஞ்சு போன்ற தூள். குருநாகல், புத்தளம் பக்கத்துத் தும்பு ஆலைகளைச் சுற்றி அது ஆண்டுக்கணக்கில் மலை மலையாகக் குவிந்து கிடந்தது. வயலில் போட்டால் உடனே உக்காது. லிக்னின் மிகுந்த பொருளாதலால் நுண்ணுயிர்கள் அதைத் தின்று முடிக்க நெடுநாள் எடுக்கும். தீ வைத்தால் பற்றி எரியாமல் நாட்கணக்கில் புகைந்துகொண்டிருக்கும். மழை பெய்தால் குவியலுக்குள்ளிருந்து தேயிலைச் சாயம் போல நீர் ஒழுகி அயல் காணிக்குள் போகும். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தார் ஒரு தொன் தூளுக்கு ஐந்து கிலோ யூரியாவும் ஐந்து போத்தல் சிப்பிக்காளான் வித்தும் அடுக்கடுக்காக இட்டு அதை எருவாக்கும் முறையைக் கண்டார்கள். நல்ல முறைதான். ஆனால் தூள் பெயர் பெற்றது உக்கியதால் அல்ல, உக்க மறுத்ததால்.

அதை முதலில் கண்டுகொண்டவர்கள் தென்னை இல்லாத ஊர்க்காரர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் இங்கிலாந்தில் தேங்காய்த் தும்பு விரிப்புக்கு நல்ல கிராக்கி. ஆலைகளில் எஞ்சிய தூளைத் தோட்டக்காரர்கள் அள்ளிக்கொண்டு போய்ச் சட்டிகளில் நிரப்பிப் பார்த்தார்கள். 1862 இல், அரச தோட்டக்கலைச் சங்கத்தின் செயலாளராக இருந்த தாவரவியலாளர் ஜோன் லின்ட்லி அதைச் செடி வளர்க்கும் ஊடகமாக அறிமுகப்படுத்தினார். கண்ணாடி வீட்டுப் பன்னச் செடிகளுக்கும் விதை முளைக்கவைப்பதற்கும் அது பிடித்துப்போயிற்று. பின்பு மறந்துபோனது. ஒரு மூட்டை நன்றாக இருக்கும், அடுத்த மூட்டையில் உப்புக் கரிக்கும். அதற்குள் ஐரோப்பாவின் சதுப்பு நிலங்களில் வெட்டியெடுத்த கரிநிலப் பாசி, பீட், மலிவாகவும் ஒரே தரத்திலும் கிடைத்தது. 1949 இல் 'எக்கொனொமிக் பொட்டனி' என்ற ஆய்விதழில் ஹியூம் என்பவர் எழுதிய கட்டுரையின் தலைப்பிலேயே 'கொக்கோபீட்' என்ற பெயர் வந்துவிட்டது. பெயர் வந்தும் சந்தை வரவில்லை. அதற்கு இன்னும் நாற்பது ஆண்டு காத்திருக்க வேண்டியிருந்தது.

சந்தையை உண்டாக்கியவர்கள் ஒல்லாந்தர். 1658 முதல் 1795 வரை யாழ்ப்பாணத்தை ஆண்டு, கோட்டையும் தேவாலயமும் கட்டி, தும்புக் கயிற்றைக் கப்பலில் ஏற்றிப்போன அதே ஒல்லாந்தர். தூளின் அருமை தெரிய அவர்களுக்கு இன்னும் இரண்டு நூற்றாண்டு பிடித்தது. அவர்களுடைய கண்ணாடி வீடுகளில் ரோசாவும் தக்காளியும் மண்ணில்லாமல் வளர்ந்தன. முதலில் கல்லை உருக்கி நூற்ற பாறைப் பஞ்சு. 1969 இல் டென்மார்க்கில் தொடங்கியது அது. பயிர் முடிந்த பின் அந்தப் பஞ்சை எங்கே கொட்டுவது என்பது பெரிய தொல்லையாயிற்று. கரிநிலமோ ஆண்டுக்கு ஒரு மில்லிமீற்றர் அளவில்தான் வளரும். அதை வெட்டக் கூடாது என்று 1990 அளவில் பிரித்தானியாவில் இயக்கமே நடந்தது. மாற்று தேடியவர்களின் கண் இலங்கையின் குவியல்கள் மேல் விழுந்தது. சலித்து, கழுவி, காயவைத்து, இயந்திரத்தால் ஐந்தில் ஒரு பங்காக அழுத்திக் கட்டியாக்கினார்கள். கப்பற்கூலி கட்டுப்படியானது அந்த அழுத்தத்தால்தான். இல்லாவிட்டால் காற்றுக்கல்லவா கூலி கொடுத்திருப்பார்கள்.

லின்ட்லி காலத்து உப்புப் பிரச்சினை மட்டும் கூடவே வந்தது. இவான்ஸ், கொண்டுரு, ஸ்டாம்ப்ஸ் என்ற ஆய்வாளர் மூவரும் 1996 இல் இலங்கை, பிலிப்பைன்ஸ், இந்தோனேசியத் தூள்களை ஒப்பிட்டுப் பார்த்தபோது, ஊருக்கு ஊர் தன்மை வேறுபடுவதைக் கண்டார்கள். கடலோரக் களப்பில் மட்டையை ஊறப்போட்டால் சோடியமும் குளோரைட்டும் தூளில் ஏறிவிடும். பொட்டாசியம் மட்டையிலேயே இயல்பாக இருக்கிறது. நல்ல தண்ணீரில் கழுவினால் குளோரைட்டும் மேலோட்டமான உப்பும் போகும்; தூளின் மேற்பரப்பைப் பற்றிக்கொண்டிருக்கும் சோடியமும் பொட்டாசியமும் போகா. அந்தத் தூளில் நாற்றை வைத்துப் பசளைத் தண்ணீர் விட்டால், தண்ணீரில் வருகிற கல்சியத்தையும் மகனீசியத்தையும் தூள் தனக்கு இழுத்துக்கொண்டு, பதிலுக்குச் சோடியத்தை வேர்ப்பக்கம் விடும். கல்சியம் கொடுத்தும் செடி கல்சியப் பஞ்சத்தில் நிற்கும். இளங்குருத்து சுருண்டு கருகும். அதனால்தான் தரமான தூளைக் கல்சியம் நைத்திரேற்றுக் கரைசலில் ஊறவிட்டு, தூளின் பசியை முதலில் அடக்கி, பின்பு கழுவி விற்கிறார்கள். இந்தப் பக்குவம்தான் தூளை மண்ணாக்கியது. என் கணக்கில் பிறந்த நாள் என்றால் இதைத்தான் சொல்லுவேன். 1862 ஐ அல்ல.

ஆனால் இந்த மண்ணில் சாப்பாடு இல்லை. தன் எடையைப் போல எட்டு மடங்கு தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும், நனைந்திருக்கும்போதே வேருக்குக் காற்றும் விடும், அவ்வளவுதான். நைதரசனோ பொசுபரசோ இரும்போ எல்லாம் தண்ணீரோடு வர வேண்டும். ஆகவே இறைப்பும் பசளையும் ஒரே வேலை. வெறும் தண்ணீர் விடுகிற நாள் என்று ஒன்று கிடையாது; ஐதான கரைசலைச் சிறிது சிறிதாக, வெயில் ஏற ஏற அடிக்கடி விட வேண்டும். தூள் காயவிடக் கூடாது. காய்ந்தால் எஞ்சிய நீரில் உப்பு செறிந்து வேரைச் சுடும். ஒவ்வொரு தரமும் பத்தில் ஒரு பங்கோ ஐந்தில் ஒரு பங்கோ அடியால் வழிந்தோட வேண்டும். பழைய உப்பைக் கழுவிக்கொண்டு போவது அந்த வழிநீர்தான். கரைசலின் பீஎச் 6 க்கு அண்மையில் நிற்க வேண்டும். பசளை இரண்டு போத்தலாக வருவதற்கும் காரணம் உண்டு. ஒன்றில் கல்சியம், மற்றதில் பொசுபேற்றும் சல்பேற்றும். செறிவாக இருக்கும்போது இரண்டையும் சேர்த்தால் கெட்டிப்பட்டு அடியில் படிந்துவிடும். தண்ணீரில் தனித்தனியாகக் கலக்க வேண்டும்.

இந்த ஒழுங்கை வீட்டு அறைக்குள் கொண்டுபோனவர்கள் கஞ்சா வளர்த்தவர்கள். ஒல்லாந்தில் 1976 ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்துக்குப் பின் கொஞ்சக் கஞ்சாவைக் கண்டும் காணாமல் விட்டார்கள். வளர்ப்பு மேல்மாடிகளிலும் நிலவறைகளிலும் நடந்தது. மண் மூட்டையை மாடிக்குத் தூக்குவது சிரமம், காய்ந்த கட்டியைத் தூக்குவது சுகம். மின்விளக்கின் கீழ் வேகமாக வளர்கிற, பசளை தப்பினால் இரண்டு நாளில் இலையில் காட்டிக்கொடுக்கிற செடி அது. தப்பைத் தூளும் மன்னிக்கும். கழுவிவிட்டுத் திரும்பத் தொடங்கலாம். தும்புத்தூளுக்கென்றே தனிப் பசளை செய்து விற்கும் கம்பனிகள் அங்கே எழுந்தன. சிறு வளர்ப்பாளருக்கு விளங்கும் மொழியில் இந்தப் பாடத்தைப் பரப்பியதில் அவர்களின் பங்கு பெரிது என்பதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

யாழ்ப்பாணத்துப் பத்திரிகையில் கஞ்சா என்றால் வடமராட்சிக் கரையில் பிடிபட்ட கேரளப் பொதிகள்தான். நஞ்சுகள், அபின், அபாயகர ஔடதங்கள் கட்டளைச் சட்டத்தின்படி வீட்டில் ஒரு செடி வைத்தாலும் குற்றம். எங்கள் ஆட்களுக்கு இந்தப் பாடம் வேறு பயிர்களுக்காகத்தான் தேவைப்படுகிறது. நாற்றுத் தட்டுகளில் தூள் ஏற்கனவே வந்துவிட்டது. பசுமைக்குடிலில் குடைமிளகாயும் சலாது வெள்ளரியும் பைகளில் வளர்க்கிறார்கள். அல்பேர்ட் கரைசல் என்ற பசளைக் கலவையின் பெயர் இலங்கையில் மண்ணில்லாப் பயிர் செய்கிற எவருக்கும் தெரியும்.

குடாநாட்டுத் தோட்டக்காரருக்குப் பயிருக்குச் சாப்பாடு போடுவதைச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. பூவரசங் குழையைத் தாழ்த்தி, ஆடுமாடு பட்டி அடைத்து, துலாவில் இறைத்துப் புகையிலை எடுத்தவர்கள். அங்கே மண் ஒரு பண்டகசாலை. இன்று போட்டதை மெல்ல மெல்லக் கொடுக்கும். தூள் அப்படிச் சேர்த்து வைத்துக் கொடுக்காது. மூலப்பொருள் பக்கத்திலேயே உண்டு: பளையின் மணற்பாங்கான நிலத்தில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்தே தென்னந்தோட்டங்கள் இருந்தன. உள்நாட்டுப் போரின் முகமாலை முன்னரங்கில் வட்டிழந்த மரங்களும் மிதிவெடி வயல்களுமாகப் போனதுபோக, இப்போது மறுபடி நடுகிறார்கள். பொச்சு பெருகும், தூளும் பெருகும். பளைத் தூள் பளையிலேயே கட்டியாக வேண்டும் என்பது என் ஆசை.

தண்ணீர்தான் இடைஞ்சல். வற்றாத ஆறு இல்லாத குடாநாடு. சுண்ணக்கல்லுக்குள் உப்புநீரின் மேல் மிதக்கிற நன்னீரைத்தான் கிணற்றால் எடுக்கிறோம். கொதிக்கவைத்தால் கேத்திலின் அடியில் வெள்ளைப் படிவை விடுகிற கல்சியம் பைகார்பனேற்று தூளின் பீஎச்சை நாளாக நாளாக ஏற்றும். ஏறினால் இரும்பு கரையாது; இளம் இலை மஞ்சளாகும். கரையோரக் கிணறென்றால் சோடியமும் சேரும். ஐப்பசி, கார்த்திகை மழையைக் கூரையிலிருந்து தொட்டியில் பிடித்து, கிணற்று நீரோடு கலந்து விடுவதுதான் மலிவான மருந்து.

வேருக்கு வருகிற நீரை விட, வேரைத் தாண்டிப் போகிற நீர்தான் எனக்கு அதிக பயம் தருகிறது. ஆயிரம் செடியுள்ள குடிலில் செடிக்கு இரண்டு லீற்றர் என்றால் ஒரு நாளைக்கு 2,000 லீற்றர். ஐந்தில் ஒரு பங்கு வழிந்தால் 400 லீற்றர். அந்த நீரில் நைதரசன் லீற்றருக்கு 150 மில்லிகிராம் என்று வைத்தாலும், நைத்திரேற்றாகக் கணக்கிட்டால் 650 ஐத் தாண்டும். குடிநீருக்கு உலக சுகாதார நிறுவனம் வைத்த எல்லை 50. செம்மண்ணும் வெடிப்புள்ள சுண்ணக்கல்லும் எதையும் தடுத்து நிறுத்தா. வழிந்தது கிணற்றுக்குத்தான் போகும். வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் யூரியாவை அள்ளிக் கொட்டியதால் வலிகாமத்துக் கிணறுகளில் நைத்திரேற்று ஏறிய செய்தி 1980களிலிருந்தே ஆய்வுகளில் இருக்கிறது. ஒல்லாந்தில் வழிநீரைப் பிடித்து, கிருமி நீக்கி, திரும்பப் பயிருக்கே விடுகிறார்கள். இங்கே அவ்வளவு இயந்திரம் வேண்டியதில்லை. பைகளைச் சற்று உயர்த்திப் பீலியின் மேல் வைத்தால் நீர் ஒரு தொட்டிக்கு வந்து சேரும். இரண்டு பங்கு மழைநீர் கலந்து வாழைக்கும் மாட்டுப்புல்லுக்கும் விடலாம், அதற்கேற்ப அவற்றுக்குப் போடும் யூரியாவைக் குறைக்கலாம்.

குடில் போட நினைக்கிறவர்கள் பைக்கும் தூளுக்கும் சொட்டுக்குழாய்க்கும் காசு எண்ணும்போது, பீலிக்கும் அந்தத் தொட்டிக்கும் சேர்த்து எண்ணுங்கள். கடன் கொடுக்கிற வங்கியும் மானியம் கொடுக்கிற திணைக்களமும் அந்த இரண்டும் இல்லாத திட்டத்துக்குக் கையெழுத்துப் போடக் கூடாது.